பிரேக் அடித்தால் வண்டி உதறுகிறதா? டிஸ்க் வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

நாற்கரச் சாலையில் 90, 100-ல் போய்க்கொண்டிருக்கிறீர்கள். தூரத்தில் சுங்கச்சாவடி தெரிகிறது. பிரேக்கில் கால் வைத்ததும் ஸ்டீயரிங் இடமும் வலமுமாகப் படபடவென்று ஆடுகிறது. வேகம் 40-க்குக் கீழே வந்ததும் ஒன்றுமே நடக்காதது போல அடங்கிவிடுகிறது. பட்டறைக்குக் கொண்டுபோனால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "டிஸ்க் பெண்டாயிடுச்சு சார், மாத்திடலாம்." டிஸ்க் என்பது சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும், பிரேக் பிடிக்கும் இரும்புத் தட்டு. அதை மாற்றினால் உதறல் போய்விடும், உண்மைதான். ஆனால் நாலைந்து மாதத்தில் அதே உதறலோடு அதே பட்டறைக்குத் திரும்பி வரும் வண்டிகள் நிறைய. பழைய டிஸ்க்கைக் கெடுத்த காரணத்தை யாரும் தேடவில்லை. அது வண்டியிலேயே இருந்து புது டிஸ்க்கையும் கெடுத்துவிட்டது.

அதனால் இந்தக் கட்டுரையில் மாற்றுவதைவிடத் தேடுவதற்குத்தான் அதிக இடம். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் (உள்ளேயிருந்து ஷூ எனும் கட்டைகள் விரிந்து பிடிக்கும் இரும்பு உருளை) உள்ள சின்ன வண்டியை மனதில் வைத்து எழுதுகிறேன். ஸ்விஃப்ட், ஐ10, டியாகோ எல்லாம் இந்த அமைப்புதான். முதல் பாதிக்குக் கருவி எதுவும் வேண்டாம், காலியான ஒரு சாலை போதும்.

அதற்கு முன் ஒரு எச்சரிக்கை. உதறலோடு சேர்ந்து பெடல் வழக்கத்தைவிட ஆழமாக இறங்கினாலோ, டேஷ்போர்டில் சிவப்பு பிரேக் விளக்கு எரிந்தாலோ, இரும்போடு இரும்பு உரசும் சத்தம் வந்தாலோ சோதனை ஓட்டம் எதுவும் வேண்டாம். வண்டியை நிறுத்திவிட்டு மெக்கானிக்கை வரச்சொல்லுங்கள்.

உதறல் எங்கிருந்து வருகிறது

டிஸ்க்கின் இரண்டு பக்கமும் பிரேக் பேடுகள் அழுத்திப் பிடிக்கின்றன. டிஸ்க் சுற்று முழுவதும் ஒரே தடிமனாக இருந்தால் பிடிப்பும் ஒரே சீராக இருக்கும். ஓர் இடத்தில் தடிமன் கூடி இன்னோர் இடத்தில் குறைந்திருந்தால், தடித்த பகுதி பேடுக்குள் நுழையும் ஒவ்வொரு முறையும் பேடை அழுத்தும் பிஸ்டனைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளும். அந்தத் தள்ளல் பிரேக் ஆயில் வழியாகப் பெடலுக்கு வருகிறது. காலில் துடிப்பது அதுதான். அதே நேரத்தில் சக்கரத்தைப் பிடிக்கும் விசையும் கூடிக் குறைவதால் ஸ்டீயரிங் ஆடுகிறது. இதற்குப் பெரிய வித்தியாசம் தேவையில்லை. 0.02 மில்லிமீட்டர் இருந்தாலே பல வண்டிகளில் கைக்குத் தெரிந்துவிடும். கண்ணால் பார்த்து "டிஸ்க் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்வதற்கு அர்த்தமில்லை என்பது இதனால்தான்.

ஏன் வேகத்தில் மட்டும் வருகிறது? 185/65 ஆர்15 அளவு டயர் 100 கி.மீ. வேகத்தில் நொடிக்குச் சுமார் 14 முறை சுற்றுகிறது, 40-ல் ஆறு முறைகூட இல்லை. சஸ்பென்ஷனும் ஸ்டீயரிங்கும் ஒரு குறிப்பிட்ட வேகத் துடிப்புக்குத்தான் அதிகமாக ஆடும். சக்கரத்தின் சுற்று அந்தத் துடிப்போடு ஒத்துப்போகும்போது உதறல் பெரிதாகிறது, வேகம் இறங்கியதும் அடங்குகிறது. அடங்கிவிட்டதால் கோளாறு இல்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

சரி, தடிமன் எப்படி மாறுகிறது? இங்கேதான் "பெண்ட்" என்ற சொல் நம்மைத் திசைதிருப்புகிறது. இரும்பு டிஸ்க் நிஜமாகவே வளைவது அபூர்வம். அதிகம் நடப்பது இதுதான்: டிஸ்க் ஹப்பின் (டிஸ்க்கும் சக்கரமும் மாட்டப்படும் நடுப்பகுதி) மேல் நேராக உட்காரவில்லை. ஹப்பின் முகத்தில் துரு ஏறியிருக்கலாம், சின்ன மண்துணுக்கு மாட்டியிருக்கலாம், வீல் நட்டுகளை ஒருபக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் இறுக்கியிருக்கலாம். ஹப்பில் இருக்கும் மிகச்சிறிய சாய்வு டிஸ்க்கின் விளிம்புக்குப் போகும்போது பெரிதாகிவிடும். டிஸ்க் அப்படிச் சாய்ந்து சுற்றும்போது, பிரேக் அடிக்காத நேரத்திலும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடம் பேடைத் தொட்டுத் தொட்டுப் போகும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்குப் பிறகு அந்த இடம் மட்டும் தேய்ந்து மெலிந்துவிடும். டிஸ்க் மாற்றிய அன்று வண்டி வழுக்கிக்கொண்டு போவதும் மாதங்கள் கழித்து உதறத் தொடங்குவதும் இதனால்தான். அதற்குள் யாருக்கும் அந்த ஹப் ஞாபகத்தில் இருக்காது.

இரண்டாவது காரணம் பேடின் பொருள் டிஸ்க்கில் திட்டாக ஒட்டிக்கொள்வது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கிவந்து, அடிவாரத்தில் டீக்கடை வாசலில் பெடலை அழுத்தியபடியே நின்றால், கொதித்துப்போயிருக்கும் டிஸ்க்கில் பேடின் அச்சு அப்படியே பதியலாம். ஏறிய அதே கியரில் இறங்குவதும், நின்றதும் காலை எடுத்துவிடுவதும் இதற்கான மருந்து. சமதளமாக இருந்தால் ஹேண்ட் பிரேக்கே போதும்.

மூன்றாவது துரு. மழைக்காலத்தில் வாரக்கணக்கில் நிறுத்தி வைத்த வண்டி, அதிலும் கடற்கரை ஊர் வண்டி என்றால், பேட் தொட்டுக்கொண்டிருந்த இடம் தனியாகவும் மற்ற இடம் தனியாகவும் துரு ஏறும். லேசான துரு நாலு பிரேக்கில் போய்விடும். ஆழமாக அரித்திருந்தால் போகாது.

ஓட்டிப் பார்த்துக் கண்டுபிடிப்பது

முதல் கேள்வி: பிரேக் அடிக்காமலே ஆடுகிறதா? நேரான நல்ல சாலையில் 80 முதல் 100 வரை போங்கள், பிரேக்கைத் தொடாதீர்கள். அப்போதே ஸ்டீயரிங் நடுங்கினால் டிஸ்க்கைக் கொஞ்சம் மறந்துவிடலாம். வீல் பேலன்சிங் போயிருக்கலாம், டயரின் பக்கவாட்டில் வீக்கம் இருக்கலாம், குழியில் விழுந்து ரிம் நெளிந்திருக்கலாம். வெளியே வாங்கிப் போட்ட அலாய் வீலில் நடு ஓட்டை ஹப்பைவிடப் பெரிதாக இருந்தாலும் இப்படி வரும். அந்த இடைவெளியை நிரப்ப வளையம் தனியாகக் கிடைக்கிறது. டயர் கடையில் முடிகிற வேலையை முதலில் முடித்துவிடுங்கள். பேலன்சிங் சரியில்லாத வண்டியில் பிரேக் கோளாறைத் தேடினால் எது எதனால் வருகிறது என்றே புரியாது.

பிரேக் அடித்தால் மட்டும்தான் ஆடுகிறது என்றால், பின்னால் வண்டி வராத நேரமாகப் பார்த்து 90-லிருந்து மிதமாக அடியுங்கள். எங்கே ஆடுகிறது என்று கவனியுங்கள். ஸ்டீயரிங் ஆடினால் கோளாறு பெரும்பாலும் முன்சக்கரத்தில். ஸ்டீயரிங் அமைதியாக இருந்து சீட்டும் தரையும் அதிர்ந்தால் பின்சக்கரத்தைச் சந்தேகிக்கலாம். இது நூற்றுக்கு நூறு சரியான விதி இல்லை, ஆனால் தேடலை எங்கே தொடங்குவது என்று சொல்லிவிடும்.

பின்சக்கரத்தை உறுதிசெய்ய எளிய வழி ஒன்று உண்டு. பின்னால் டிரம் உள்ள வண்டிகளில் ஹேண்ட் பிரேக் பிடிப்பதும் அதே டிரம்மைத்தான். ஆள் நடமாட்டமில்லாத, ஈரமில்லாத நேர்ச்சாலையில் 40 வேகத்தில் போகும்போது, லீவரின் பட்டனை அழுத்திப் பிடித்தபடியே மெதுவாக, மிக மெதுவாக மேலே இழுங்கள். பட்டனை விட்டுவிடாதீர்கள், சக்கரம் பூட்டிக்கொள்வது போலத் தோன்றினால் உடனே லீவரை இறக்க வேண்டும். இப்படி இழுக்கும்போது அதிர்ந்தால் டிரம் வட்டம் போய்விட்டது. அதிரவில்லை என்றால் முன்பக்கத்துக்குத் திரும்புங்கள். பட்டனைத் தட்டினால் வேலை செய்யும் எலக்ட்ரானிக் ஹேண்ட் பிரேக் வண்டிகளில் இந்தச் சோதனை வேண்டவே வேண்டாம்.

புதிதாக ஓட்டுபவர்கள் அடிக்கடி பயந்துபோகும் விஷயம் ஏபிஎஸ், அதாவது அவசர பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு. மண்ணிலோ ஈரத்திலோ அவசரமாக மிதிக்கும்போது பெடல் கடகடவென்று காலைத் திருப்பி அடிக்கும், சத்தமும் வரும். அது ஏபிஎஸ் தன் வேலையைச் செய்வது. ஆனால் காய்ந்த சாலையில் சாதாரணமாக நிறுத்தும்போது, நிற்பதற்குச் சற்று முன், நடைவேகத்தில் அப்படித் துடித்தால் சக்கரத்தின் வேகத்தை அளக்கும் வீல் சென்சாரையோ அதன் பல்வளையத்தையோ பார்க்க வேண்டும். டிஸ்க் மாற்றினால் அது தீராது.

அடுத்து, 15, 20 நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்தியதும் முன்சக்கரங்கள் இரண்டின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். டிஸ்க்கைத் தொடாதீர்கள், தோல் உரிந்துவிடும். ஒரு பக்கம் மட்டும் அனல் வீசினால், கருகல் வாடை வந்தால், ஓட்டும்போதே வண்டி ஒருபக்கம் இழுத்தால் அந்தப் பக்கத்துக் காலிப்பர் (பேடையும் பிஸ்டனையும் தாங்கும் கவ்வி) ஒட்டிக்கொண்டு பிரேக்கை விடாமல் பிடித்திருக்கிறது.

கடைசியாக, உதறல் எப்போது தொடங்கியது என்று யோசியுங்கள். பஞ்சர் ஒட்டிய மறுநாளிலிருந்தா, டயர் மாற்றியதிலிருந்தா? அப்படியென்றால் வேறெதையும் தொடுவதற்கு முன் வீல் நட்டுகளைப் பாருங்கள். தளர்ந்த நட்டும் உதறலாகத்தான் தொடங்கும், சக்கரம் கழன்றுபோவதில் முடியும். ஊட்டி, வால்பாறை போய்வந்த பிறகு என்றால் பேடின் அச்சுப் பதிந்திருக்கும். ஊருக்குப் போய் ஒரு மாதம் வண்டியை எடுக்கவில்லை என்றால் துரு.

கழற்றிப் பார்ப்பது

சமதளத்தில் நிறுத்தி, முதல் கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே கால் சுற்று தளர்த்திவிட வேண்டும். ஜாக்கியில் தூக்கியபின் ஜாக்கி ஸ்டாண்டு கொடுங்கள். வண்டியோடு வரும் ஜாக்கி ஸ்டெப்னி மாற்ற மட்டும்தான். அதை நம்பி அடியில் கையையோ தலையையோ விடாதீர்கள்.

சக்கரத்தைக் கழற்றுவதற்கு முன் மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் வீல் பேரிங் அல்லது பால் ஜாயிண்ட். இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆட்டம் இருந்தால் ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் எண்ட். சக்கரத்தைக் கீழ்ப்பக்கத்தில் வண்டியோடு இணைக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்ஷை டார்ச் அடித்துப் பாருங்கள். குறிப்பாகப் பின்பக்கத்துப் பெரிய புஷ். அது கிழிந்திருந்தால் பிரேக் அடிக்கும்போது சக்கரமே முன்னும் பின்னும் நகரும். நல்ல புஷ் அமுக்கிவிடக்கூடிய சின்னத் துடிப்பைக் கிழிந்த புஷ் பெரிதாக்கி ஸ்டீயரிங்குக்கு அனுப்பிவிடும். பிரேக் அடித்ததும் அடியில் "டக்" என்று ஒரு சத்தம் வருகிறது என்றால் என் முதல் சந்தேகம் இதன் மேல்தான். இப்படிப்பட்ட வண்டியில் புது டிஸ்க் போட்டால் கொஞ்ச நாள் நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

சக்கரம் கழன்றபின் டிஸ்க்கின் இரு பக்கமும் பாருங்கள். பேட் அளவில் கறுப்பான திட்டு தெரிந்தால் அச்சு. நீலம் பாய்ந்திருந்தால் அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கிறது. விளிம்பிலிருந்து வெடிப்பு ஓடியிருந்தால் யோசிக்காமல் மாற்ற வேண்டும். உள்பக்கத்துப் பேடும் வெளிப்பக்கத்துப் பேடும் ஒரே அளவு தேய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஒன்று ஒல்லியாகவும் ஒன்று தடியாகவும் இருந்தால் காலிப்பர் நகர வழிவிடும் ஸ்லைட் பின் இறுகியிருக்கிறது.

தடிமனை அளக்க மைக்ரோமீட்டர் வேண்டும். வெர்னியரில் அளந்தால் பேட் தொடாத விளிம்பில் நிற்கும் மேட்டையும் சேர்த்து அளந்து ஏமாந்துபோவீர்கள். விளிம்பிலிருந்து சுமார் 10 மி.மீ. உள்ளே, சுற்றிலும் எட்டு இடத்தில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பெரிய எண்ணுக்கும் சின்ன எண்ணுக்கும் வித்தியாசம் 0.02 மி.மீ.க்கு மேல் போனால் உதறலுக்கு அது போதும். குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கிலேயே பொறிக்கப்பட்டிருக்கும், துருவைத் துடைத்துத் தேடுங்கள்.

சாய்வைப் பார்க்க, மிகச்சிறிய அசைவையும் முள்ளால் காட்டும் டயல் கேஜ் வேண்டும். நல்ல பட்டறைகளில் இருக்கும். இல்லாத பட்டறையில் டிஸ்க் மாற்றச் சொல்லாதீர்கள் என்பது என் கட்சி. வீல் நட்டுகளை வாஷர் வைத்து மாட்டி டிஸ்க்கை ஹப்போடு இறுக்கிவிட்டு, கியரை நியூட்ரலுக்கு மாற்றி, கேஜின் முனையை விளிம்புக்குச் சற்று உள்ளே வைத்துக் கையால் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். பல தயாரிப்பாளர்கள் வைத்திருக்கும் வரம்பு 0.05-லிருந்து 0.10 மி.மீ.க்குள் இருக்கும். அதிகமாகக் காட்டினால் அவசரப்பட வேண்டாம். மேடான இடத்தை டிஸ்க்கிலும் ஹப்பிலும் சாக்பீஸால் குறித்துவிட்டு, டிஸ்க்கைக் கழற்றி ஹப்பைச் சுத்தம்செய்து, ஒரு போல்ட் ஓட்டை தள்ளி மாட்டி மறுபடி அளவெடுங்கள். மேடு டிஸ்க்கோடு நகர்ந்தால் கோளாறு டிஸ்க்கில். ஹப் குறியிலேயே நின்றால் ஹப்பில் அல்லது பேரிங்கில். சில நேரம் இப்படித் தள்ளி மாட்டியதிலேயே அளவு வரம்புக்குள் வந்துவிடும், செலவே இல்லை.

சரிசெய்வது

நட்டுதான் காரணம் என்றால் எல்லாவற்றையும் தளர்த்தி, எதிரெதிராக மாற்றி மாற்றி, டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தின் அளவைக் காட்டும் ஸ்பேனர்) இறுக்குங்கள். சின்னக் கார்களுக்குப் பொதுவாக 85 முதல் 110 நியூட்டன் மீட்டர். உங்கள் வண்டிக்கான எண் கையேட்டில் இருக்கும். நட்டின் மரையில் கிரீஸ் தடவாதீர்கள், ரெஞ்ச் காட்டும் எண் பொய்யாகிவிடும். டயர் கடையில் ஏர் கன்னை எடுக்கும்போதே "கடைசி இறுக்கம் கையால போடுங்கண்ணே" என்று சொல்லிவிடுவது நல்லது.

லேசான அச்சும் லேசான துருவும் உப்புத்தாளுக்கு மசியும். டிஸ்க்கின் இரு பக்கமும் வட்ட வட்டமாகத் தேய்த்து, பேடின் மேல்பரப்பையும் சமதளத்தில் வைத்து லேசாகத் தேய்த்து, பிரேக் கிளீனரால் துடைத்துவிடுங்கள். தூசியை வாயாலோ காற்றுக்குழாயாலோ ஊதாதீர்கள். நுரையீரலுக்கு நல்லதில்லை, ஈரத்துணி போதும்.

தடிமன் வித்தியாசம் இருந்து, குறைந்தபட்ச அளவுக்கு மேலே நன்றாகவே இருக்கிறது என்றால் லேத்தில் கொடுத்துச் சமப்படுத்தலாம். வண்டியிலேயே மாட்டிவைத்துக் கடையும் இயந்திரம் கிடைத்தால் அது இன்னும் மேல், ஏனென்றால் ஹப்பின் சாய்வையும் சேர்த்துக் கணக்கில் எடுத்துக்கொள்ளும். ஆனால் புது டிஸ்க்குக்கும் குறைந்தபட்ச அளவுக்கும் இடையே பொதுவாக 2 மி.மீ. அளவுதான் இருக்கும். பாதிக்கு மேல் தேய்ந்த டிஸ்க்கைக் கடைந்து இன்னும் மெலிதாக்குவதைவிட மாற்றிவிடுவதே சரி. எதைச் செய்தாலும் இடது வலது இரண்டுக்கும் சேர்த்தே செய்யுங்கள், பேடும் புதிதாகப் போடுங்கள்.

மாற்றும்போது காலிப்பரைக் கழற்றி ஹோஸ் பைப்பில் தொங்கவிடாதீர்கள், கட்டுக்கம்பியால் காயில் ஸ்பிரிங்கில் கட்டிவிடுங்கள். பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்து வைத்துவிட்டுப் பிஸ்டனை சி கிளாம்பால் மெதுவாக உள்ளே தள்ளுங்கள். ஆயில் மேலேறி வழிந்தால் பெயிண்ட் போய்விடும். சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். சில டிஸ்க்குகள் துருவில் ஒட்டியிருக்கும். அவற்றில் மரை போட்ட இரண்டு சின்ன ஓட்டைகள் இருந்தால் அதில் போல்ட்டை மாறி மாறி முறுக்கினால் டிஸ்க் தானாக வெளியே வரும், சுத்தியலுக்கு வேலையில்லை.

இப்போது வருவதுதான் பெரும்பாலும் விடுபட்டுப்போகும் வேலை. ஹப்பின் முகத்தைக் கம்பிப் பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் பளபளக்கும் வரை தேயுங்கள். வீல் நட்டு மாட்டும் ஸ்டட்டுகளைச் சுற்றியுள்ள இடத்தை விட்டுவிடாதீர்கள், துரு அங்கேதான் மேடாக நிற்கும். ரிம்மின் உள்முகத்தையும் துடையுங்கள். புது டிஸ்க்கில் துருப்பிடிக்காமல் இருக்கத் தடவியிருக்கும் எண்ணெயைப் பிரேக் கிளீனரால் முழுக்கக் கழுவிவிட்டு மாட்டுங்கள். டயல் கேஜ் இருந்தால் காலிப்பரை மாட்டுவதற்கு முன்பே ஒரு சுற்று அளந்துவிடுங்கள். ஸ்லைட் பின்களை உருவி, பழைய கிரீஸைத் துடைத்து, பிரேக்குக்கென்று விற்கும் சிலிகான் கிரீஸ் தடவுங்கள். சாதாரண கிரீஸில் ரப்பர் ஊதிப்போகும். கையால் தள்ளினால் பின் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். காலிப்பர் போல்ட்டுகளையும் கையேட்டில் உள்ள அளவுக்கே இறுக்க வேண்டும். இவற்றில் எதிலாவது சந்தேகம் இருந்தால் தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள், பிரேக்கில் பரீட்சை வேண்டாம்.

டிரம்மாக இருந்தால் கதை சின்னது. அதில் அதிகபட்ச விட்டம் பொறித்திருக்கும். அதற்குள் இருந்தால் லேத், தாண்டியிருந்தால் புது டிரம். வீல் சிலிண்டரில் ஆயில் கசிந்து ஷூ நனைந்திருக்கிறதா என்பதை மட்டும் கூடவே பார்த்துவிடுங்கள்.

எல்லாம் மாட்டியதும், வண்டியை நகர்த்துவதற்கு முன் பெடல் இறுகும் வரை பலமுறை மிதியுங்கள். பிஸ்டன் உள்ளே தள்ளப்பட்டிருப்பதால் முதல் மிதியில் பிரேக்கே இருக்காது. கேட்டைத் தாண்டும்போது அதைக் கண்டுபிடிக்கக் கூடாது.

அப்புறம் பேடையும் டிஸ்க்கையும் பழக்க வேண்டும். பேட் டப்பாவில் முறை எழுதியிருந்தால் அதன்படி செய்யுங்கள். இல்லையென்றால் காலியான சாலையில் 60-லிருந்து 20 வரை அழுத்தமாக, ஆனால் சக்கரம் பூட்டாமல் வேகத்தைக் குறையுங்கள், முழுக்க நிற்காதீர்கள். அரை நிமிடம் காற்றுவாங்க ஓட்டிவிட்டு மறுபடி. பத்து முறை போதும். கடைசியில் பிரேக்கை அதிகம் தொடாமல் சில நிமிடம் ஓட்டி ஆறவிட்டு நிறுத்துங்கள். சூட்டோடு பெடலை மிதித்து நின்றால் புது டிஸ்க்கில் முதல் அச்சை நீங்களே பதித்துவிடுவீர்கள். நெடுஞ்சாலைப் பயணம் முடிந்த கையோடு, டிஸ்க் சூடாக இருக்கும்போதே, வாட்டர் சர்வீஸுக்கு விடுவதையும் தவிர்க்கலாம்.

100 கி.மீ. ஓடியபின் வீல் நட்டுகளை டார்க் ரெஞ்சால் ஒருமுறை சரிபாருங்கள். ஆயிரம், இரண்டாயிரம் கி.மீ.க்குள் உதறல் லேசாகத் தலைகாட்டினால் டிஸ்க் கம்பெனியைத் திட்டுவதற்கு முன் ஹப்பின் சாய்வையும் லோயர் ஆர்ம் புஷ்ஷையும் மறுபடி அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.